என் ஆபரேஷன்களை நானே உட்கார்ந்து பார்த்த ஒன்றரை வருடம்

பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன், செய்து வீட்டுக்கு அனுப்பிய ஒருவர் மூன்றாம் நாள் இரவு வயிற்று வலியும் காய்ச்சலுமாகத் திரும்பி வந்தார். ஸ்கேனில் கல்லீரலுக்கு அடியில் திரவம் தேங்கியிருந்தது. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தின் பக்கவாட்டில் ஒரு சின்னக் காயம், அதன் வழியாகப் பித்தம் கசிந்திருக்கிறது. எண்டோஸ்கோப்பி மூலம் ஸ்டென்ட் வைத்தார்கள், வயிற்றில் குழாய் போட்டு வடித்தார்கள், மூன்று வாரம் படுக்கையில் இருந்தார். பிழைத்துவிட்டார், இன்றைக்கு நன்றாகவும் இருக்கிறார். ஆனால் அந்த மூன்று வாரமும் எனக்குத் தூக்கம் இல்லை. படிப்பை முடித்துத் தனியாக ஆபரேஷன் செய்ய ஆரம்பித்து அப்போது இரண்டாவது வருடம். அவருடைய ஆபரேஷன் நோட்ஸை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘முக்கோணம் முழுவதும் சுத்தம் செய்யப்பட்டது, பித்தப்பைக்குள் செல்லும் இரண்டு குழாய்கள் மட்டும் தெளிவாகக் காணப்பட்டன’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. முக்கோணம் என்பது பித்தப்பையின் குழாய், கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளம், கல்லீரல் ஆகியவற்றுக்கு நடுவிலுள்ள இடம்; இரண்டு குழாய்கள் என்பவை பித்தப்பையின் பித்தக் குழாயும் ரத்தக் குழாயும். பொய் எழுதவில்லை, அப்படித்தான் பார்த்ததாக நினைவு. பிறகு காயம் எப்படி வந்தது? வீடியோ இருந்தால் தெரிந்திருக்கும். தியேட்டரில் ரெக்கார்டர் இருந்தது, யாரும் பட்டனை அழுத்தவில்லை.

இதை யாரிடமும் பேச முடியவில்லை. கூட வேலை செய்பவர்கள் ‘எல்லாருக்கும் நடப்பதுதான்’ என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் அதில் எனக்குப் பதில் இல்லை. தேடித் தேடிப் படித்ததில் இரண்டு ஆய்வுகள் என்னைப் பிடித்து நிறுத்தின. ஒன்று 2003-இல் வந்தது. லேப்ராஸ்கோப்பியில் நேர்ந்த 252 பித்தநாளக் காயங்களை ஆராய்ந்திருந்தார்கள். அவற்றில் 97 சதவீதத்துக்கு மூல காரணம் கண் ஏமாந்தது, கைத்திறனில் பிழை 3 சதவீதத்தில்தான். அதாவது டாக்டர் ஒரு குழாயை வேறொரு குழாய் என்று முழு நம்பிக்கையோடு பார்த்திருக்கிறார். இதைப் படித்ததும் என் நோட்ஸ் ஏன் அப்படி எழுதப்பட்டது என்று புரிந்தது. இன்னொன்று 2013-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்தது. உடல்பருமனுக்கான அறுவை செய்யும் 20 பேர் ஆளுக்கொரு வீடியோ கொடுத்தார்கள். யாருடையது என்று தெரியாமல் சக நிபுணர்கள் அவற்றைப் பார்த்து 5-க்கு மதிப்பெண் போட்டார்கள். 2.6-இலிருந்து 4.8 வரை போனது. மதிப்பெண்ணில் கடைசிக் கால்வாசியில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் வந்தன, முதல் கால்வாசியில் இருந்தவர்களுக்கு 5.2 சதவீதம். ஒரே ஒரு வீடியோவைப் பார்த்தே இவ்வளவு தெரிகிறது என்றால் என் வீடியோ என்ன சொல்லும் என்ற பயத்தோடுதான் என் ஆபரேஷன்களைப் பதிவு செய்து பார்ப்பதில் இறங்கினேன்.

முதல் நான்கு மாதம் கிட்டத்தட்ட வீண். பட்டனை அழுத்த மறப்பது ஒரு பக்கம், அதைவிடக் கொடுமை வேறு இருந்தது. ரெக்கார்டரின் கடிகாரம் தவறான தேதியில் ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. ஒரு ஆபரேஷன் மூன்று நான்கு துண்டு கோப்புகளாகப் பதிவாகும், தேதியும் தவறு என்றால் எந்தத் துண்டு எந்தக் கேஸ் என்று கண்டுபிடிக்க முடியாது. டிஸ்க் நிரம்பியதும் அது பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும் என்பதும் பதினோரு கேஸ் போன பிறகுதான் தெரிந்தது. ஆகவே தொடங்குபவர்கள் முதலில் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். கேமரா உள்ளே போகும்போதே பதிவைத் தொடங்குவது யாருடைய பொறுப்பு என்று ஒரே ஒருவரிடம் பேர் சொல்லி ஒப்படையுங்கள். எங்கள் தியேட்டரில் அதை ஒரு சிஸ்டர் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஒரு வீடியோகூடத் தவறவில்லை. கோப்பின் பெயரில் நோயாளியின் பெயரையோ மருத்துவமனை எண்ணையோ போடாதீர்கள், வெறும் வரிசை எண் போதும். எண்ணுக்கும் நோயாளிக்கும் உள்ள தொடர்பைத் தனியாக ஒரு நோட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள். அப்புறம், வீடியோவை ரெக்கார்டரிலிருந்து அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றி வைத்துவிடுங்கள். வார இறுதியில் செய்துகொள்ளலாம் என்று தள்ளியவை ஒன்றும் என்னிடம் மிஞ்சவில்லை.

அடுத்த அடி ஒப்புதல் விஷயத்தில் விழுந்தது. ஆபரேஷனுக்கான கையெழுத்திலேயே பதிவுக்கான சம்மதமும் அடங்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அடங்காது. சிகிச்சைக்குச் சம்மதிப்பது வேறு, பதிவு செய்வது வேறு, அதைப் பயிற்சிக்காக வெளியே உள்ள ஒரு மென்பொருளுக்கு அனுப்புவது முற்றிலும் வேறு. இதெல்லாம் தெரிந்த நிர்வாகி ஒருவர் கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் நின்றேன். கேட்டது நியாயமான கேள்வி. சரியான ஒப்புதல் இல்லாத 26 வீடியோக்களை அழித்தேன். அழிப்பதற்கு முன் சிலவற்றைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. லென்ஸில் பனி படிந்து துடைப்பதற்காகக் கேமராவை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது அறையைப் படம் பிடித்திருக்கிறது. ஸ்க்ரப் நர்ஸின் முகம், சுவரில் இருந்த பலகை, பலகையில் நோயாளியின் முழுப்பெயர். ஒலியும் பதிவாகியிருந்தது. கேமரா பிடித்துக்கொண்டிருந்த ஜூனியரிடம் நான் எரிந்து விழும் குரல் அதில் இருந்தது. அப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. மறுநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஒலியை நிறுத்தி வைப்பதா, வேண்டுமா என்பதைத் தியேட்டரில் உள்ள எல்லாரிடமும் பேசி முடிவு செய்யுங்கள். உடலுக்கு வெளியே எடுக்கப்பட்ட காட்சிகளைக் கருப்பாக்கிவிட்டுத்தான் எங்கும் அனுப்ப வேண்டும். அதைத் தானாகக் கண்டுபிடித்து மறைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, ஆனால் கடைசியில் ஒரு முறை உங்கள் கண்ணாலும் ஓட்டிப் பாருங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் செயற்கை நுண்ணறிவு. வீடியோவை ஏற்றினால் திறனை அளந்து சொல்லும் ஒரு சேவைக்கு ஒரு வருடச் சந்தா கட்டினேன். என் இரண்டு மாதச் சம்பளம் அதற்குப் போனது. ஏற்றிய மறுநாள் அறிக்கை வந்துவிடும். ஆபரேஷனை அது கட்டம் கட்டமாகப் பிரிக்கும்: உள்ளே நுழைந்து தயாராவது, முக்கோணத்தைப் பிரிப்பது, அந்த இரண்டு குழாய்களையும் கிளிப் போட்டு அடைத்து வெட்டுவது, பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து உரிப்பது என்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நிமிடம், எந்தக் கருவி எத்தனை நேரம் திரையில் இருந்தது, கருவியின் முனை எவ்வளவு தூரம் அலைந்தது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது, கடைசியில் நூற்றுக்கு ஒரு மதிப்பெண். முதல் அறிக்கையில் எனக்கு 61. படித்த காலம் முழுக்க மதிப்பெண்ணுக்காக ஓடிய ஆள் நான். 61-ஐப் பார்த்ததும் அதே பழைய வெறி வந்துவிட்டது. முக்கோணத்தைப் பிரிக்கும் நேரத்தைக் குறைத்தேன், தேவையில்லாத அசைவுகளைக் குறைத்தேன். மூன்று மாதத்தில் 61 என்பது 78 ஆனது. அந்த மூன்று மாதமும் நான் தேறிவிட்டேன் என்றே நம்பினேன்.

நம்பிக்கை உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுவரை சேர்ந்திருந்த 38 முழு வீடியோக்களையும், அவற்றுக்கு நான் எழுதிய நோட்ஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதையும் வெட்டும் முன் திரையில் தெரிந்தாக வேண்டிய பாதுகாப்புக் காட்சிக்கு ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அறுவை நிபுணர் 1995-இல் வகுத்துக் கொடுத்த மூன்று நிபந்தனைகள்: முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் நீங்கியிருக்க வேண்டும், பித்தப்பையின் கீழ்ப்பகுதி மூன்றில் ஒரு பங்காவது கல்லீரலிலிருந்து விலகியிருக்க வேண்டும், பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு அமைப்புகள் போவது தெரிய வேண்டும். முதல் கிளிப் போடுவதற்குச் சற்று முன் வீடியோவை நிறுத்தி, மூன்றும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் நோட்ஸ்படி 38-இலும் இருந்தது. திரையில் மூன்றும் முழுமையாக இருந்தது 14-இல்தான். மதிப்பெண் ஏற ஏற இது குறைந்திருந்தது. 78 வாங்கிய கேஸை மறுபடி போட்டேன். இரண்டு குழாய்கள் தெரிகின்றன, சரி. ஆனால் அவற்றுக்குப் பின்னால் கல்லீரல் தெரியவில்லை, ஒரு தடித்த கொழுப்புத் திரை அப்படியே தொங்குகிறது. அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கிளிப் போட்டிருக்கிறேன். ஹூக் என்ற பிரிக்கும் கருவியின் அசைவு சிக்கனமாக, அழகாகத்தான் இருந்தது.

மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை, அது எதை அளக்கக் கற்றதோ அதைத்தான் அளந்தது. நான்தான் சந்தா கட்டும் முன் கேட்டிருக்க வேண்டும். இந்தத் துறையில் மிகவும் புழங்கும் பொதுத் தரவுத்தொகுப்பு கோலெக்80. பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகர மருத்துவமனையில் 13 பேர் செய்த 80 பித்தப்பை ஆபரேஷன்களின் வீடியோக்கள் அதில் இருக்கின்றன, ஏழு கட்டங்களாகக் குறிக்கப்பட்டவை. ஆராய்ச்சிக்கு அது பெரிய கொடை. ஆனால் எந்த வகையான வீடியோக்களைப் பார்த்து ஒரு மென்பொருள் மாதிரி (மாடல்) கற்றதோ, அந்த வகையானவற்றில்தான் அதன் சொல் செல்லும். சீழ் பிடித்து வீங்கிய பித்தப்பை, புகை, ரத்தம் என்று என் கேஸ் ஒன்று வந்தபோது எனக்கு வந்த அறிக்கை கட்டங்களையே மாற்றிப் போட்டிருந்தது. கழுவி உறிஞ்சும் கருவி நிறைய நேரம் திரையில் இருந்ததால், ஆபரேஷன் முடியப்போகிறது என்று அது எடுத்துக்கொண்டது போலும். எனவே காசு கட்டும் முன் கேளுங்கள். எந்த ஆபரேஷன்களில், எத்தனை மருத்துவமனைகளின் வீடியோக்களில் பயிற்றுவித்தீர்கள்? கடினமான கேஸ்கள் அதில் இருந்தனவா? மதிப்பெண் ஏறியவர்களின் நோயாளிகளுக்குச் சிக்கல் குறைந்தது என்று காட்ட முடியுமா? எந்தக் காட்சியை வைத்து இந்த மதிப்பெண் என்று சுட்டிக் காட்டுமா? நான் ஏற்றும் வீடியோ யாருக்குச் சொந்தம், அழி என்றால் அழிப்பீர்களா? இவற்றில் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மனம் நொந்துபோய், எனக்குப் பாடம் எடுத்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் மடிக்கணினியோடு போனேன். கசிவு நடந்த கேஸைப் பற்றி முதன்முறையாக ஒருவரிடம் முழுதாகச் சொன்னது அன்றைக்குத்தான். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. “அந்த 78 மார்க் வீடியோவைப் போடும்மா” என்றார். ஒரு தாளை எடுத்துத் திரையின் வலது பாதியை மறைத்தார். “வலது கை என்ன பண்ணுதுன்னு எல்லாரும் பார்ப்பாங்க. நீ இடது கையை மட்டும் பாரு.” பார்த்தேன். பித்தப்பையின் கழுத்தைப் பிடித்த கிராஸ்பர் என்ற பிடிகருவி அப்படியே நிற்கிறது. பதினோரு நிமிடம். இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை என்று புரட்டிக் காட்ட வேண்டிய கை, சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. நின்ற திசையும் தவறு. கழுத்தை நோயாளியின் வலது பக்கமாகச் சற்றுக் கீழே இழுத்தால்தான் முக்கோணம் விரியும். நான் மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறேன். அப்படி இழுத்தால் பித்தப்பையின் குழாயும் பொதுப் பித்தநாளமும் ஒரே கோட்டில் வந்துவிடும், இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். “சார், இது…” என்று ஆரம்பித்தேன். “ஆமா, அன்னைக்கும் இதுதான் நடந்திருக்கும்” என்றார். இருக்கலாம், அந்த வீடியோதான் இல்லையே. ஆனால் எட்டு மாதம் தேடிய பதில் ஒரு தாளால் மறைத்ததும் கண்ணில் பட்டது.

அதன் பிறகு நான் பார்க்கும் முறையே மாறிவிட்டது. முழு வீடியோவையும் பார்ப்பதை விட்டேன், அது நேரத்தைத் தின்னும், கண்ணும் சலித்துப்போகும். கிளிப்புக்கு முந்தைய பத்து நிமிடம் மட்டும், முதல் முறை இடது கைக்காக, இரண்டாம் முறை மூன்று நிபந்தனைகளுக்காக. ஆபரேஷன் முடிந்த அன்றே பார்ப்பதில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால்தான் நமக்கு நாமே வக்கீலாக வாதாடாமல் இருக்க முடிகிறது. நோட்ஸில் எழுதியதை முதலில் படித்துவிட்டு, பிறகு திரையைப் பார்ப்பது கட்டாயம். மாதம் இரண்டு வீடியோவைச் சார் பார்ப்பார், கோல்ஸ் என்ற அளவுகோலில் மதிப்பெண் போடுவார். ஆழம் உணர்தல், இரு கை ஒத்துழைப்பு, செயல்திறன், திசுவைக் கையாளும் மென்மை, பிறர் உதவியின்றிச் செய்வது என ஐந்து அம்சங்கள், ஒவ்வொன்றும் 5-க்கு. 2005-இல் வந்த பழைய அளவுகோல்தான், செலவே இல்லை. எனக்கு இரு கை ஒத்துழைப்பில் 2 கிடைத்தது. அதை ஏற்றத்தான் தினமும் இருபது நிமிடம் பெட்டிப் பயிற்சி, அதாவது ஒரு பெட்டிக்குள் லேப்ராஸ்கோப்பிக் கருவிகளை விட்டுப் பழகுவது. ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிய இரண்டு கையுறைகளில் முக்கோணம் வரைந்து, உள்ளுறையில் கீறல் படாமல் மேலுறையை மட்டும் வெட்ட வேண்டும். இடது கை சரியாக இழுத்துப் பிடிக்காவிட்டால் உள்ளுறை கிழிந்துவிடும், ஒளிக்கவே முடியாது. செல்போனை மேலே நிறுத்தி அதையும் பதிவு செய்வேன்.

மென்பொருளைத் தூக்கி எறியவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த பிறகு அது மிக நல்ல துணையாகிவிட்டது. மொத்த மதிப்பெண் வரும் பக்கத்தை இப்போது திறப்பதே இல்லை. இடது கைக் கருவி எத்தனை நேரம் அசையாமல் இருந்தது என்ற ஒரு வரிசையை மட்டும் எடுத்து மாதாமாதம் வரைபடமாக்குகிறேன். மனிதர் ஒருவர் உட்கார்ந்து எண்ண வேண்டுமானால் இதற்கு மணிக்கணக்காகும், இது சில நிமிடத்தில் தருகிறது. எந்த வீடியோவில் கிளிப் எந்த நொடியில் வருகிறது என்று கண்டுபிடிப்பதையும் அதனிடமே விட்டுவிட்டேன். பாதுகாப்புக் காட்சியின் மூன்று நிபந்தனைகளையே தானாகச் சரிபார்க்கும் மாதிரிகள், வெட்டலாம், வெட்டக் கூடாது என்று இடங்களுக்கு நிறம் பூசிக் காட்டும் கோநோகோநெட் போன்ற மாதிரிகள் ஆராய்ச்சியில் வந்திருக்கின்றன. நிபுணர்கள் வரைந்து காட்டிய எல்லைகளைப் பார்த்துக் கற்றவை அவை. எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இருக்கிறது, கண் ஏமாறும் இடத்தில் இன்னொரு கண் தேவைதானே. ஆனால் உங்கள் இடது கையைப் பார்க்கச் சொல்ல ஒரு மனிதரை முதலில் தேடிக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்றவர்கள் நாம் நினைப்பதைவிட மகிழ்ச்சியோடு நேரம் தருகிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீடியோவில் தன்னைப் பார்ப்பது முதல் சில மாதம் மனதை உடைக்கும். நான் ஒரு கட்டத்தில் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை என்று முடிவு கட்டி, ராஜினாமாக் கடிதம் வரை எழுதி வைத்தேன். மோசமான வீடியோ பார்த்த இரவில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். அடுத்த நாள் ஆபரேஷன் இருந்தால் முந்தின இரவு பார்க்கவும் வேண்டாம். நான் பார்த்துவிட்டுப் போய், தொட்டதற்கெல்லாம் தயங்கி, அது வேறு விதமான ஆபத்தாகிவிட்டது.

கடைசி 30 வீடியோக்களில் 25-இல் மூன்று நிபந்தனையும் இருக்கிறது. மீதி ஐந்தில் காட்சி கிடைக்கவே இல்லை. அந்த ஐந்தில் நான்கில் பித்தப்பையின் ஒரு பகுதியை விட்டுவிட்டு வெளியே வந்தேன், ஒன்றில் வயிற்றைத் திறந்தேன். முன்பு இதைத் தோல்வி என்று எழுதியிருப்பேன். இப்போது நோட்ஸில் ‘காட்சி கிடைக்கவில்லை’ என்றே எழுதுகிறேன், திரையும் அதையே சொல்கிறது. முக்கோணத்தைப் பிரிக்கும் நேரம் முன்பைவிட ஆறு நிமிடம் கூடியிருக்கிறது.

போன வாரம் ஏற்றிய வீடியோவின் அறிக்கையில் மதிப்பெண் 70 என்று தற்செயலாகக் கண்ணில் பட்டது. காரணமும் போட்டிருந்தது, 31-ஆவது நிமிடத்தில் 42 நொடி இரண்டு கருவிகளும் சும்மா இருந்தனவாம். அந்த இடத்தை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு குழாய்கள், பின்னால் சுத்தமாகக் கல்லீரல். முன்பக்கம் காட்டிவிட்டு இடது கை மெல்லப் புரட்டிப் பின்பக்கத்தையும் காட்டுகிறது, பிறகு எல்லாம் நிற்கிறது. அப்போதுதான் நான் கிளிப்பைக் கேட்பதற்கு முன் சிஸ்டரிடமும், கேமரா பிடித்திருந்த அதே ஜூனியரிடமும், “எத்தனை குழாய் தெரியுது, சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.